கண்ணாடி விரியனும் ஒரு கண்ணாடிக் குழாயும்

அடுத்தடுத்துக் கரு கலைந்துபோகும் பெண்களுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் 'டி.ஆர்.வி.வி.டி.' என்று ஒன்று உண்டு. சென்னை, லண்டன், டோக்கியோ என்று எந்த ஊரில் பெரிய லேபில் கேட்டாலும் செய்துகொடுப்பார்கள். அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் ஆர்.வி.வி.க்கு அர்த்தம், ரஸ்ஸல் விரியனின் விஷம். ரஸ்ஸல் விரியன் என்பது வேறு எதுவும் இல்லை. சின்னசேலத்தைச் சுற்றிக் கரும்புத் தோட்டத்திலும் மக்காச்சோளக் காட்டிலும் வரப்போரம் சுருண்டு கிடந்து, கிட்டே போனால் குக்கர் விசில் மாதிரி சீறுகிற நம்ம கண்ணாடி விரியன்தான்.

நம்ம ஊரில் ஆளைக் கொல்கிற விஷம் உலகம் முழுக்க ஒரு லேப் சாமானாக எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. ரத்தம் எப்படி உறைகிறது, ஏன் சிலருக்கு உறைவதில்லை, ஏன் சிலருக்குத் தேவையில்லாமல் உறைகிறது என்று மருத்துவம் கற்றுக்கொண்ட கதையில், முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் இந்தப் பாம்பு நிற்கிறது. அந்தப் படிப்பின் பலன் கடிபட்டவனுக்கும் திரும்பி வந்திருக்கிறது, மிகச் சாதாரணமான ஒரு கண்ணாடிக் குழாயின் வடிவில். அது நம் பக்கத்தில் பலருக்கும் தெரியாது என்பதால்தான் இந்தப் பதிவு.

சோழமண்டலக் கரையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்

பாட்ரிக் ரஸ்ஸல் எடின்பரோவில் பிறந்த மருத்துவர். சிரியாவில் அலெப்போ நகரத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். தம்பி கிளாடுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் விசாகப்பட்டினத்தில் வேலை கிடைக்க, 1781ல் அவருடன் இந்தியா வந்தார். தரங்கம்பாடியோடு தொடர்புடைய தாவரவியலாளர் கோனிக் 1785ல் இறந்ததும், கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் பதவி ரஸ்ஸலுக்கு வந்தது.

கர்நாடகப் பகுதியில் கம்பெனி ஆட்களுக்கு அப்போது பெரிய தலைவலி பாம்புக்கடி. எது விஷப்பாம்பு, எது சாதுப்பாம்பு என்று சாதாரண ஆள் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும் என்று ரஸ்ஸல் இறங்கினார். பாம்புகளைச் சேகரித்தார், தோலை உரித்துப் பதப்படுத்தினார், கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு என்ன நடக்கிறது என்று குறித்துவைத்தார். அன்றைக்குத் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒரு பாம்புக்கடி மருந்து பிரபலம். அதையும் சோதித்துப் பார்த்து, அதில் பாஷாணம், அதாவது ஆர்சனிக், இருப்பதைக் கண்டார்.

1796ல் லண்டனில் வெளியான அவருடைய புத்தகம் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் பெரிய பெரிய வண்ணப் படங்களோடு பேசுகிறது. அதில் 'காடுக ரேகுல பொட' என்ற தெலுங்குப் பெயரில் ஒரு பாம்பு வருகிறது. காடுக என்றால் கண்மை. உடம்பில் மையிட்ட மாதிரி கறுப்பு வளையங்கள் கொண்ட இந்தப் பாம்பை, நல்லபாம்புக்கு அடுத்தபடி கொடியது என்று எழுதினார். மறு வருஷம் ஷா, நோடர் என்ற இருவர் அதற்கு அறிவியல் பெயர் வைக்கும்போது ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார்கள். அந்த வளையங்கள் தெலுங்குக்காரர்களுக்குக் கண்மையாகத் தெரிந்தன, நமக்குக் கண்ணாடியாகத் தெரிந்தன. உலகத்துக்கு மட்டும் அது ரஸ்ஸலின் பாம்பு.

ஒரே விஷம், இரண்டு விளைவு

அடுத்த நூறு வருஷத்தில் கல்கத்தாவில் ஜோசஃப் ஃபேரர் பெரிய அளவில் ஆய்வுகள் செய்து, 1872ல் இந்திய விஷப்பாம்புகள் பற்றி ஒரு பிரம்மாண்டமான நூல் கொண்டுவந்தார். நல்லபாம்பு கடித்துச் செத்த பிராணியின் ரத்தம் உறைகிறது, விரியன் கடித்துச் செத்ததின் ரத்தம் தண்ணீராகவே இருக்கிறது என்ற வித்தியாசம் அந்தக் காலத்திலேயே கவனிக்கப்பட்டுவிட்டது. காரணம்தான் புரியவில்லை.

குழப்பம் இன்னும் கூடியது 1900களின் தொடக்கத்தில். பம்பாய் பரேலில் இருந்த பிளேக் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ மருத்துவர் கண்ணாடி விரியன் விஷத்தை எடுத்துக்கொண்டார். ரத்தத்தோடு விஷத்தைச் சேர்த்தால் ரத்தம் சட்டென்று உறைகிறது. பிராணியின் ரத்தநாளத்தில் அதிகமாக ஏற்றினால் உள்ளேயே உறைந்து உடனே சாவு. கொஞ்சமாக ஏற்றினால் அதற்கு நேர்மாறு, ரத்தம் உறையும் சக்தியையே இழந்துவிடுகிறது!

உறைய வைக்கும் விஷம் எப்படி உறையாமலும் ஆக்கும்? விடை எளிது. ரத்தம் உறைய வேண்டுமானால் அதில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூல் நூலாகத் திரிந்து வலை ஆக வேண்டும். விஷம் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக இந்த வலையைப் பின்னவைத்துக்கொண்டே இருக்கிறது. உடம்பும் அவற்றைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். பிறகு நிஜமாகவே ஒரு காயம் ஏற்பட்டால் பின்னுவதற்கு நூல் கிடையாது. ஈறில், சிறுநீரில், ஊசி குத்திய இடத்தில் எல்லாம் ரத்தம் நிற்காமல் கசிவது இதனால்தான். நுண்ணிய உறைவுகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலர் டயாலிசிஸ் வரை போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடிபட்ட இடத்தைப் பிளேடால் கீறி 'விஷ ரத்தத்தை' வெளியேற்றும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். உறையாத ரத்தம் உள்ள உடம்பில் நாமே ஒரு வாசலைத் திறந்துவிடுகிறோம்.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒரு யோசனை

இனி கதை லண்டனுக்குப் போகிறது. 1930களில் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் ஆர்.ஜி. மக்ஃபார்லேன் என்ற இளைஞர் ஹீமோஃபிலியா பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோய் அது. தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். ஒரு பல் பிடுங்கினால்கூட நாள்கணக்கில் ரத்தம் நிற்காது.

மிருகக்காட்சிசாலையின் ஊர்வன பிரிவுக்குப் பொறுப்பாளர் பர்ஜஸ் பார்னெட், அவரும் மருத்துவர். இருவரும் சேர்ந்து பல பாம்புகளின் விஷத்தை ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஜெயித்தது கண்ணாடி விரியன். 10,000 மடங்கு நீர்த்த விஷமே, பல நிமிடங்கள் ஆனாலும் உறையாத அந்த ரத்தத்தைச் சில நொடிகளில் உறையவைத்தது. 1934ல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. வெல்கம் நிறுவனம் 'ஸ்டிப்வென்' என்ற பெயரில் அதை மருந்தாகவே விற்றது. பஞ்சில் நனைத்துப் பல் பிடுங்கிய குழியில் வைப்பார்கள். வெளிப்பூச்சுக்கு மட்டும்தான். ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே.

ஒரு நோயாளியின் ரத்தம் தானாக உறையவில்லை, பாம்பு விஷம் பட்டால் மட்டும் உறைகிறது. அப்படியானால் ரத்தத்தில் உறைவதற்கான சாமான் எல்லாம் இருக்கிறது, தொடக்கத்தில் எங்கோ ஒரு இணைப்பு மட்டும் அறுந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் தொழிலில் ஒரு புரோகிராம் ஓடாவிட்டால், நடுவில் இருக்கும் ஒரு ஃபங்ஷனை நேரடியாக ஓட்டிப் பார்ப்போம். அங்கிருந்து சரியாக ஓடினால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. விரியன் விஷம் இந்த வேலையைத்தான் செய்தது.

அருவி

இந்த முறையில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. 1952ல் மக்ஃபார்லேனும் ரோஸ்மேரி பிக்ஸும் அடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு, ஹீமோஃபிலியா என்று நினைத்துக்கொண்டிருந்த நோயில் இரண்டு வகை கலந்திருப்பதைக் காட்டியது. ஒன்றில் 8-ஆம் காரணி இல்லை, மற்றதில் 9-ஆம் காரணி இல்லை. இரண்டாவதுக்கு, அந்த நோய் இருந்த ஸ்டீஃபன் கிறிஸ்மஸ் என்ற சிறுவனின் பெயரையே வைத்தார்கள். கட்டுரை அச்சானதும் டிசம்பர் கடைசி வாரம்தான். 1950களின் பிற்பாதியில் ஸ்டூவர்ட், பிரவர் என்ற இருவரின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, விரியன் விஷம் போட்டும் அது சீக்கிரம் உறையவில்லை. அப்படியானால் விஷம் தட்டி எழுப்பும் பொருளே அங்கே இல்லை. அதுதான் 10-ஆம் காரணி.

1964ல் மக்ஃபார்லேன் 'நேச்சர்' இதழில் முழுப் படத்தையும் வரைந்தார். ஒரு காரணி அடுத்ததை எழுப்பும், அது தன்னைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் இன்னொன்றை எழுப்பும். சின்ன சமிக்ஞை போகப் போகப் பெருகி, கடைசியில் ஃபைப்ரின் வலை. அதே வருஷம் அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் தனியாக இதே முடிவுக்கு வந்து 'அருவி' என்று பெயர் வைத்தார்கள். 12, 11, 9, 10 என்று எண்கள் மேலிருந்து கீழே படி இறங்கும். 9 இறங்குவதற்கு 8 கைகொடுக்க வேண்டும். கண்ணாடி விரியன் மேல்படிகளை எல்லாம் தாண்டி நேராக 10-ல் குதிக்கிறது. உடம்பு 10-ஆம் காரணியை எந்த இடத்தில் வெட்டி எழுப்புகிறதோ, விஷத்தில் இருக்கும் நொதியும் அதே இடத்தில் வெட்டுகிறது.

இல்லாத காரணியை வெளியிலிருந்து கொடுத்தால் போதும் என்று தெரிந்த பிறகு ஹீமோஃபிலியா சிகிச்சை மாறியது. முதலில் முழு ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். 1964ல் ஜூடித் பூல், உறைந்த பிளாஸ்மாவை மெதுவாக உருக்கினால் அடியில் தங்கும் கசடில் 8-ஆம் காரணி செறிவாக இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் ரத்த வங்கிகளில் அதை 'கிரையோ' என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த வழியில் ஒரு பெரிய துயரமும் வந்தது. தானமாக வந்த ரத்தப் பொருள்கள் வழியே உலகம் முழுக்க ஹீமோஃபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் எச்.ஐ.வி.க்கு ஆளானார்கள். ஸ்டீஃபன் கிறிஸ்மஸும் அதில் ஒருவர், 1993ல் இறந்தார். அடுத்தவர் ரத்தத்தை நம்பாமல் உடம்பையே காரணி தயாரிக்கவைக்கும் மரபணு சிகிச்சையில் நம் வேலூர் சி.எம்.சி. முன்னணியில் இருக்கிறது. 5 நோயாளிகளிடம் அது வெற்றிபெற்ற செய்தி 2024 டிசம்பரில் வெளியானது.

உறையாத குழாய், உறைகிற உடம்பு

இப்போது தொடக்கத்தில் சொன்ன டி.ஆர்.வி.வி.டி.க்கு வருவோம். லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். 1952ல் கான்லியும் ஹார்ட்மனும் லூபஸ் உள்ள இருவரின் ரத்தம் குழாயில் உறையத் தாமதமாவதைக் கவனித்தார்கள். அப்படியானால் இவர்களுக்கு ரத்தம் கசிய வேண்டும் இல்லையா? பின்னால் வந்த ஆய்வுகளில் தலைகீழாகத் தெரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் காலிலும் நுரையீரலிலும் மூளையிலும் ரத்தக்கட்டி உண்டாகிறது. கர்ப்பிணிகளுக்குக் கரு கலைகிறது. 1983ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். லூபஸ் இல்லாதவர்களுக்கும் இது வரும்.

உறைதல் படிகளில் சில, கொழுப்புப் பொருளான பாஸ்போலிப்பிடின் மேல்தான் நடக்கும். இவர்கள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்கள் குழாயில் அந்த மேடையைப் பிடித்து மறித்துக்கொள்கின்றன, உறைதல் தாமதமாகிறது. உடம்புக்குள் அதே புரதங்கள் ரத்தநாளச் சுவரையும் தட்டணுக்களையும் சீண்டிவிட்டு உறைய வைக்கின்றன. இந்தத் திருடனைப் பிடிக்க, 1986ல் 'பிளட்' இதழில் ஒரு வழி வந்தது. மூன்று பேர் எழுதிய அந்தக் கட்டுரையின் முதல் பெயர் பெருமாள் தியாகராஜன். படித்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். நம்ம ஊர் விரியனுக்கு நம்ம ஊர்ப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது! விஷத்தையும் பாஸ்போலிப்பிடையும் நன்றாக நீர்க்கவைத்து ரத்த நீரில் சேர்ப்பதுதான் உத்தி. மேடை சிறிதானால் மறிப்பவன் உடனே தெரிவான். பாஸ்போலிப்பிடை அதிகம் சேர்த்ததும் தாமதம் சரியானால் சந்தேகம் உறுதி. ஆஸ்பிரினும் ஹெப்பரினும் கொடுத்துப் பல பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள்.

குதிரை, இருளர், மாற்று மருந்து

கடிபட்டவருக்கு வருவோம். பாம்புக்கடிக்கு முதல் மாற்று மருந்தை 1890களில் ஆல்பர்ட் கால்மெட் நல்லபாம்பு விஷத்தை வைத்துத் தயாரித்தார். அது எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று அவர் நம்பினார். கண்ணாடி விரியனுக்குக் கேட்காது என்று காட்டியவர்களில் பரேல் லாம்பும் ஒருவர். அதனால்தான் இந்தியாவில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தை எடுக்கிறார்கள். ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும்.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருந்து. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்ட பிறகு பிழைப்பில்லாமல் போன இருளர்களுக்காக, 1978ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பிடித்த பாம்பைச் சுமார் 3 வாரம் வைத்து, 4 முறை விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குதிரையின் புரதம் மனித உடம்புக்கு அந்நியம், அதனால் ஒவ்வாமை வரலாம். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வருவதும் உண்டு. வியன்னாவில் பிர்கேயும் ஷிக்கும் 1905ல் விவரித்த 'சீரம் நோய்' இதுதான். 'அலர்ஜி' என்ற சொல்லையே பிர்கே மறு வருஷம் உருவாக்கினார். இதற்குப் பயந்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இலங்கையில் 1,007 பேரிடம் நடந்து 2011ல் வெளியான ஆய்வு, முன்கூட்டியே கொஞ்சம் அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது.

இன்னொன்று. கடிபட்டவருக்கு ரத்தம் கசிகிறதே என்று பிளாஸ்மா மட்டும் ஏற்றினால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. ஹீமோஃபிலியாவில் காரணி இல்லை, கொடுத்தால் நிற்கும். இங்கே விஷம் காரணிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் விஷத்தை முறிக்க வேண்டும்.

20 நிமிடம்

யாருக்கு மருந்து தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடித்த பாம்பெல்லாம் விஷப்பாம்பு இல்லை, விஷப்பாம்பு கடித்தாலும் எப்போதும் விஷம் ஏறுவதில்லை. இங்கேதான் அந்தக் கண்ணாடிக் குழாய் வருகிறது. காய்ந்த, சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் அந்த நேரத்துக்கு உறைதலில் கோளாறு தெரியவில்லை, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது, மாற்று மருந்து உடனே. பொதுவாக 10 குப்பியில் தொடங்குவார்கள். கல்லீரல் புதுக் காரணிகளைத் தயாரிக்க நேரம் வேண்டும் என்பதால் 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய். மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம், வெள்ளிமலை மாதிரி மலை ஊரிலும் செய்யலாம்.

ஏன் கண்ணாடிதான் வேண்டும்? கண்ணாடியின் மேற்பரப்பு பட்டால் 12-ஆம் காரணி எழும்பும், அருவி மேல்படியில் இருந்து தொடங்கும். 1955ல் ராட்னாஃப் குழு, ஹேகமன் என்ற ரயில்வே தொழிலாளியின் ரத்தம் கண்ணாடியில் உறையாததை ஆராய்ந்து கண்டுபிடித்தது இது. பிளாஸ்டிக் குழாயில் இந்த உந்துதல் கிடைக்காது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் கிடைக்காது. ஊதா மூடிக் குழாயில் உறையாமல் இருக்கவே மருந்து தடவியிருக்கும். இன்றைக்கு லேபில் எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக். சோதனையைத் தப்பான குழாயில் செய்தால் நல்லாயிருக்கிற ஆளுக்கும் மருந்து ஏற வாய்ப்புண்டு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்தில், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி எங்கே எத்தனை கடி என்ற கணக்கு வரும், மருந்தும் அதற்குத் தகுந்தபடி போக வேண்டும்.

நம் பக்கம் செய்ய வேண்டியது அதிகமில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரித்துக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை, எந்தப் பாம்பாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். மலையில் கடிபட்டவரைக் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே கொண்டுவரும் நேரம் முழுவதும் விஷம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். கடித்த நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் கூட நிற்பவர் ஒரு கேள்வி கேட்கலாம்: "ரத்தம் உறையுதான்னு கண்ணாடிக் குழாய்ல பாத்தீங்களா?"

கண்ணாடி விரியன் ராத்திரியில் இரை தேடும். மோட்டார் போட்டுத் தண்ணி கட்டப் போகிறவர்கள் கையில் டார்ச்சும் காலில் பூட்ஸும் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள்.